ஆடுபவர் எங்கே பார்க்கிறார்?

கோலாலம்பூர் செந்தூலில் அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே ஒரு செப்பாக் தக்ரா திடல். வலைக்கு மேலே பந்தைக் காலால் அடித்து ஆடும் ஆட்டம் அது. சிமெண்டுத் தரை, மூலைக்கொரு விளக்குக் கம்பம், அதில் ஒன்று எப்போதும் எரியாது. வேலை முடிந்து வரும் பையன்கள் இரவு எட்டு மணிக்கு மேல் அங்கே ஆடுவார்கள். எனக்கு வயிற்றுப்பாடு கல்யாணப் படத்தில். விளையாட்டுப் படம் ஆசைக்கு. அந்த ஆசையில் ஒருநாள் புதிதாக வாங்கிய ஸ்டாண்டையும் பிளாஷையும் தூக்கிக்கொண்டு போனேன்.

கில்லர், அதாவது வலையருகே நின்று பந்தை அறைபவராக ஆடுகிற தம்பி, வலைக்கு முதுகு காட்டி நின்று, தூக்கிக் கொடுத்த பந்தை அந்தரத்தில் சுழன்று காலால் அறைவான். ஆண்கள் வலையின் உயரம் 1.52 மீட்டர். அதற்கும் மேலே கால் போக வேண்டும். அவன் முகம் நன்றாகத் தெரியட்டும் என்று அவன் பக்கத்துப் பின்கோட்டுக்கு அருகே ஸ்டாண்டை நிறுத்தி, மூன்று மீட்டர் உயரத்தில் பிளாஷை மாட்டினேன். சக்தி முழுசு. பயப்படாமல் கொடு, வெளிச்சம் பத்தாமல் போய்விடக் கூடாது என்ற நினைப்பு.

மூன்றாவது அடியில் அவன் கீழே விழுந்தான். இடது கால் பக்கவாட்டில் மடங்கிக் கணுக்கால் வீங்கிவிட்டது. ஐஸ் வைத்துக்கொண்டே அவன் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "அண்ணே, மேல பார்த்தேன், பந்தைக் காணோம். வெள்ளையா ஒரு வட்டம்தான்." மூன்று வாரம் அவன் ஆடவில்லை.

வீட்டுக்கு வந்து படத்தைக் கணினியில் திறந்தால் இன்னொரு அடி. உடம்பு ஓரளவு தெளிவு. பந்தை அறைகிற கால் மட்டும் சோப்பு நுரை போலக் கலங்கியிருந்தது. ஒருவனைக் கீழே தள்ளியும் படம் உருப்படவில்லை. இரண்டு தவறுக்கும் வேர் ஒன்றுதான் என்று புரிய எனக்கு இன்னும் சில மாதம் பிடித்தது. கேமராவை விட்டுத் தள்ளி பிளாஷ் வைத்து விளையாட்டைப் படமெடுக்க இப்போது நம் பிள்ளைகள் நிறையப் பேர் இறங்கியிருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கலங்கிய கால். இருட்டில் அசைவை உறைய வைப்பது, கேமராவுக்குள் ஒளி விழத் திறந்து மூடுகிற சட்டர் என்று பலரும் நினைக்கிறோம். சாதாரண கேமராவில் பிளாஷோடு ஒத்துப்போகும் சட்டர் வேகம் 1/200 அல்லது 1/250 நொடியோடு நின்றுவிடும். அதற்கு மேல் போனால் படத்தில் கறுப்புப் பட்டை விழும். சிலம்பக் கம்பை எடுத்துக்கொள்வோம். பிடித்த இடத்திலிருந்து நுனி 80 செண்டிமீட்டர், நொடிக்கு மூன்று சுற்று என்றால் நுனி நொடிக்கு 15 மீட்டர் ஓடுகிறது. 1/250 நொடியில் அது ஆறு செண்டிமீட்டர் நகர்ந்துவிடும். அந்த வேகத்தை வைத்துக்கொண்டு எதையும் உறைய வைக்க முடியாது.

உறைய வைப்பது பிளாஷ் எரிகிற நேரம். அந்த நேரம் எல்லாச் சக்தியிலும் ஒன்றாக இருப்பதில்லை. நான் இன்னும் வைத்திருக்கும் பழைய நிக்கான் எஸ்பி-900-இன் கையேட்டில் போட்டிருக்கிற கணக்கு இது: முழுச் சக்தியில் 1/880 நொடி, எட்டில் ஒரு பங்கில் 1/5000, பதினாறில் ஒரு பங்கில் 1/10000. முழுச் சக்திக்கான எண்ணை அப்படியே நம்பவும் கூடாது. ஒளி பாதிக்குக் குறைகிற வரை மட்டும் அளந்த எண் அது. அதற்குப் பிறகும் ஒரு வால் போல ஒளி மங்கிக்கொண்டே நீளும். வாலையும் சேர்த்தால் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அந்த வால்தான் திடலில் விழுந்த தம்பியின் காலைக் கலக்கியது. சக்தியைக் குறைத்தால் கருவி ஒளியைப் பாதியிலேயே வெட்டிவிடுகிறது, வால் வளர நேரமில்லை. பதினாறில் ஒரு பங்கில் சிலம்பக் கம்பு நகர்வது ஒன்றரை மில்லிமீட்டர்தான்.

இது ஸ்பீட்லைட் எனப்படும், கேமரா மேல் மாட்டுகிற சிறிய பிளாஷ்களின் குணம். பழைய ஸ்டூடியோ பிளாஷ்கள் சிலவற்றில் நேர்மாறாக, சக்தி குறைந்தால் நேரம் நீளும். கடன் வாங்கி வருகிறவர்கள் கையேட்டைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஆக, சக்தியைக் குறைத்தால் படம் கூர்மை, ஆடுபவர் கண்ணுக்கும் கூச்சம் குறைவு. எனக்கு இது தெரிந்திருந்தால் அன்றைக்கு அவன் விழுந்திருக்க மாட்டான்.

சரி, பதினாறில் ஒரு பங்கு வெளிச்சம் போதுமா? போதும். அந்த எஸ்பி-900-இன் வழிகாட்டி எண், அதாவது மீட்டரில் தூரத்தையும் லென்ஸ் துவாரத்தின் எஃப் எண்ணையும் பெருக்கினால் வருவது, 34. கேமராவின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓ 100-இல் இருக்கும்போது. பதினாறில் ஒரு பங்கு என்றால் எண் நான்கில் ஒன்றாகி எட்டரை. ஐஎஸ்ஓவை 800-க்கு ஏற்றினால் 24. ஆறு மீட்டர் தள்ளி வைத்து எஃப் 4-இல் எடுக்கலாம். இன்றைய கேமராவில் ஐஎஸ்ஓ 800 எல்லாம் ஒரு விஷயமே இல்லை. இன்னும் வேண்டுமென்றால் இரண்டு பிளாஷை ரப்பர் பேண்ட் போட்டு ஒன்றாகக் கட்டுங்கள். நான் நான்கு வரை கட்டியிருக்கிறேன். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

ஒரு சோதனை மட்டும் தவறாமல் செய்யுங்கள். பிளாஷை அணைத்துவிட்டு, அதே அமைப்பில் ஒரு படம். திரை கிட்டத்தட்டக் கறுப்பாக இருக்க வேண்டும். உருவம் தெரிந்தால் திடல் விளக்கும் உங்கள் படத்தில் கை வைக்கிறது என்று அர்த்தம்; கூர்மையான உடம்பைச் சுற்றி ஆவி மாதிரி ஒரு நிழல் ஒட்டும். கோலாலம்பூரில் ஏழு இருபதை ஒட்டிச் சூரியன் இறங்கினால் இருட்டு மளமளவென்று வந்துவிடும். அந்த நேரத்தில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இந்தச் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். நான் பெரும்பாலும் எட்டு மணி வரை காத்திருந்துவிடுவேன். ரொட்டி சானாய் சாப்பிட அதுதான் நேரம்.

பகல் வெயிலில் கதை வேறு. அங்கே வெளிச்சத்தை அடக்கச் சட்டரை 1/250-க்கும் மேலே ஏற்ற வேண்டும், அதற்கு அதிவேக சிங்க் என்ற அமைப்பைப் போட வேண்டும். பிளாஷ் ஒரே வெட்டாக அடிக்காமல் படபடவெனத் துடித்துத் தொடர் விளக்கு போல ஆகிவிடும், சக்தியும் வெகுவாக விழும், உறைய வைக்கிற வேலை மறுபடி சட்டருக்கே போகும். 2023-இல் அறிவித்த சோனி ஏ9 III போல, சென்சார் முழுவதும் ஒரே நேரத்தில் திறந்து மூடுகிற கேமரா இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. என்னிடம் இல்லை.

இப்போது கண். அரை மீட்டர் எழும்புகிற ஒருவர் உச்சியிலிருந்து தரைக்கு வர ஏறத்தாழ 0.3 நொடி. நாம் பிளாஷ் அடிப்பது அந்த உச்சியில்தான், படம் அங்கேதான் அழகு. பிளாஷைக் கண்ணால் நேரே பார்த்தால் அந்த வெள்ளைப் புள்ளி மறையச் சில நொடிகள் ஆகும். ஆக, அவர் தரையைத் தொடும்போது பாதிக் குருடர். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த நாளிலிருந்து ஸ்டாண்டை நிறுத்துவதற்கு முன்னால் நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: குதிக்கும்போது இவர் எங்கே பார்க்கிறார்?

'உயரத்தில் வை, கண்ணில் படாது' என்று பொதுவாகச் சொல்வார்கள். அமெரிக்கக் கூடைப்பந்து அரங்கங்களில் கூரையோடு கூரையாகப் பெரிய பிளாஷ்களை மாட்டித்தான் எடுக்கிறார்கள். ஆனால் கூரை எங்கே, என் மூன்று மீட்டர் ஸ்டாண்ட் எங்கே. தக்ராவில் பந்து மேலே, கண்ணும் மேலே. மூன்று மீட்டர் உயரம் என்பது அவன் பார்வையின் நடுவில் கொண்டுபோய் வைத்த மாதிரி. அவனுக்குப் பந்து தூக்கிக் கொடுத்தவனும் அதே பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அன்று அவனைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

அந்தத் தம்பி குணமாகி வந்ததும் அவனையே கேட்டேன். வலையருகே நின்று பந்தைத் தானே மேலே எறிந்து, இரண்டு மூன்று முறை மெதுவாகச் சுழன்று காட்டினான். நான் கைப்பேசி விளக்கைப் பிடித்துக்கொண்டு திடலைச் சுற்றி வந்தேன். "இங்க தெரியுதா?" "தெரியுது." "இங்க?" "லேசா." வலைக் கம்பத்துக்குப் பக்கத்தில், கோட்டுக்கு வெளியே இரண்டு மீட்டர் தள்ளி, இடுப்பு உயரத்தில் பிடித்தபோது "எங்கண்ணே இருக்கீங்க?" என்றான். விளக்கின் இடம் அதுதான். கீழிருந்து வரும் ஒளி முகத்துக்கு அழகில்லை என்பார்கள் ஸ்டூடியோக்காரர்கள். அந்தரத்தில் தலைகீழாகச் சுழல்கிறவனுக்குக் கீழ் எது, மேல் எது? பக்கவாட்டில் வந்த அந்த ஒளியில் தொடை நரம்பு வரைக்கும் எழும்பித் தெரிந்தது.

ஸ்கேட்போர்டு ஓட்டுகிற பிள்ளைகள் இறங்கப் போகிற இடத்தைப் பார்ப்பார்கள். அவர்களுக்கு விளக்கு உயரத்தில், பின்பக்கமாக. மலையேறுகிறவர்களைக் கோலாலம்பூர் பக்கத்துப் பத்துமலைப் பாறைகளில் எடுக்கும்போது அவர்கள் அடுத்த பிடியைத் தேடி மேலேயே பார்த்துக்கொண்டிருப்பார்கள். விளக்கு கீழே அல்லது பக்கத்தில். கீழே கயிறு பிடித்து நிற்பவரும் மேலே பார்த்தபடிதான் இருப்பார், அவர் கண்ணையும் பாருங்கள். சிலம்பத்தில் எதிராளியின் கண்ணும் தோளும்தான் குறி. இருவருக்கும் நடுக்கோட்டில் இருந்து தொண்ணூறு பாகை விலகி, ஆளுக்கொரு பக்கம் வைத்தால் யாருக்கும் தொந்தரவில்லை. பினாங்கில் ஒரு மாலை இப்படி இரண்டு விளக்கோடு எடுத்தேன். ஆசான் கடைசியில் வந்து, "நீங்க அடிச்சீங்களா இல்லையா?" என்று கேட்டார். அதைவிடப் பெரிய பாராட்டை நான் வாங்கியதில்லை.

பிளாஷை பையிலேயே வைக்க வேண்டிய விளையாட்டுகளும் உண்டு. பேட்மிண்டன் போட்டி, ஜிம்னாஸ்டிக்ஸ் இரண்டிலும் ஆட்டத்தின்போது பிளாஷுக்கு இடமில்லை. நீச்சலில் தொடக்கச் சைகையோடு ஒரு விளக்கும் மின்னுவதால், புறப்படும் நேரத்தில் அடித்தால் குழப்பம்தான். பள்ளி விளையாட்டு விழாவில் பெற்றோர்கள் இதைக் கவனிப்பதில்லை.

தீச்சிலம்பம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மவர்கள் அதிகம் கேட்பது இதைத்தான். இங்கே சட்டர் ஒரு வேலை, பிளாஷ் ஒரு வேலை. தீயின் கோட்டைச் சட்டர் வரையும், ஆளைப் பிளாஷ் நிறுத்தும். நொடிக்கு இரண்டு சுற்று சுழற்றுகிறவருக்கு அரை நொடி சட்டர் கொடுத்தால் ஒரு முழு நெருப்பு வட்டம் கிடைக்கும். ஐஎஸ்ஓ 400, எஃப் 5.6, இரண்டு பிளாஷ் கட்டி எட்டில் ஒரு பங்குச் சக்தி, நான்கைந்து மீட்டர் தள்ளி. பிளாஷின் வெளிச்சம் பகல் வெள்ளை. அப்படியே அடித்தால் நெருப்புக்கு நடுவே பிணம் நிற்கிற மாதிரி இருக்கும். ஆரஞ்சுத் தாளை மாட்டுங்கள். அப்புறம் பிளாஷைச் சட்டர் மூடுகிற நேரத்துக்கு மாற்றுங்கள், பின்திரை சிங்க் என்று மெனுவில் இருக்கும். தொடக்கத்தில் அடித்தால் நெருப்பு கம்பை முந்திக்கொண்டு ஓடுவது போல விழும். முடிவில் அடித்தால்தான் கம்பின் பின்னால் வால் வரும்.

கையில் தீ வைத்திருப்பவரின் கண்ணைக் கூச வைப்பதற்கு மன்னிப்பே கிடையாது. பக்கவாட்டில் மட்டும்தான் விளக்கு, முதல் அடிக்கு முன்னால் அவர் நிற்கும்போதே ஒருமுறை அடித்துக் காட்டி, சரி என்று சொன்ன பிறகு.

தொடர்படம் வேண்டாம், ஒரு குதிப்புக்கு ஒரு படம். குறைந்த சக்தியில் பிளாஷ் கேமராவுக்கு ஈடுகொடுத்து நொடிக்குப் பத்து முறை மின்னும். வலிப்பு நோய் உள்ளவர்களில் சிலருக்கு நொடிக்கு 3 முதல் 30 முறை மின்னும் ஒளி வலிப்பைத் தூண்டக்கூடியது. அந்தப் பத்து இதற்குள் வருகிறது. பிள்ளைகள் பயிலும் இடமென்றால் ஆசானிடமும் பெற்றோரிடமும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். யார் யார் நிற்கிறார்கள் என்று நமக்கு எப்படித் தெரியும்?

இரண்டு பேர் ஒரே திடலில் படம் எடுத்தால், தள்ளி நிற்கும் பிளாஷைக் கம்பியில்லாமல் அடிக்க வைக்கிற டிரிகரின் சேனலைப் பேசி மாற்றிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அவர் அழுத்த உங்கள் பிளாஷ் அடிக்கும், நீங்கள் எதிர்பார்க்காத நேரத்தில், ஆடுபவரும் எதிர்பார்க்காத நேரத்தில்.

கடைசியாக ஸ்டாண்ட். மழைக்கு முன்னால் வரும் அந்தக் காற்று நமக்குத் தெரியும். நான்கு மணிக்கு வெயில் கொளுத்தும், நான்கரைக்குக் குப்பைத்தொட்டி உருளும். ஒளியை மென்மையாக்கும் குடையோ சாஃப்ட்பாக்ஸோ மாட்டியிருந்தால் ஸ்டாண்ட் பாய்மரக் கப்பல். வெறும் பிளாஷ் போதும், முடிந்தால் வேலிக் கம்பியில் கிளாம்ப் போட்டு மாட்டுங்கள். ஸ்டாண்ட்தான் என்றால் காலில் எடை. நான் ஐந்து கிலோ அரிசிப் பையில் மணல் நிரப்பி, வாயைத் தைத்து வைத்திருக்கிறேன். இடி கேட்டால் இன்னும் ஒரு படம் என்று நிற்காமல் உலோகக் கம்பை மடக்குங்கள். பிளாஷ் நனைந்தால் பேட்டரியை எடுத்துவிட்டுக் காய வையுங்கள், பிரித்துப் பார்க்காதீர்கள். உள்ளே இருக்கும் மின்தேக்கி பேட்டரி இல்லாமலேயே 300 வோல்ட் அளவுக்குத் தேக்கி வைத்திருக்கும். என் மைத்துனர் ஒருமுறை ஸ்குரூடிரைவரோடு உட்கார்ந்தார். அந்த ஸ்குரூடிரைவர் போய் விழுந்த இடம் பக்கத்து வீட்டுப் படி.