ரிஜாய்ண்டர்: மறுப்பா, திருத்தமா?

கல்லூரி இதழ் கைக்கு வந்த இரண்டு மூன்று நாளில் ஆசிரியர் குழுவுக்கு ஒரு தாள் வந்து சேரும். விடுதிக் காப்பாளரோ, துறைத்தலைவரோ, கபடி அணித் தலைவரோ கையெழுத்துப் போட்டிருப்பார். மேலே ‘ரிஜாய்ண்டர்’ என்று தலைப்பு, அதாவது வந்த செய்தியை ஏற்காமல் தரும் பதில். அடுத்த இதழில் குழு அதை ‘திருத்தம்’ என்ற கட்டத்துக்குள் அப்படியே வைத்துவிடும். செய்தி சரியாகவே இருந்திருக்கலாம். ஆனால் ‘திருத்தம்’ என்ற தலைப்பு வந்துவிட்டால் பிழை தங்களுடையது என்று குழுவே எழுதிக் கொடுத்ததாகிவிடும்.

ரிஜாய்ண்டர் பிரெஞ்சு வழியாக ஆங்கிலச் சட்டத்துக்குள் வந்த சொல். ‘மீண்டும் சேர்’ என்ற வினையிலிருந்து பிறந்தது. பழைய ஆங்கிலேய நீதிமன்ற முறையில் வாதி முறையிடுவார், பிரதிவாதி பதில் சொல்வார், வாதி அதற்குப் பதில் சொல்வார், அதற்குப் பிரதிவாதி மறுபடி சொல்வதுதான் ரிஜாய்ண்டர். நம் நீதிமன்றங்களில் ஆள் மாறிவிட்டது: பிரதிவாதியின் எதிருரைக்கு வாதி தரும் பதிலையே இன்று அப்படிச் சொல்கிறார்கள். பத்திரிகைக்கு வந்தபோது அது இன்னும் தளர்ந்து, ‘உங்கள் செய்தியை நான் ஏற்கவில்லை’ என்று வரும் எந்தக் கடிதத்துக்கும் பெயராகிவிட்டது. இத்தனை இடம் மாறியும் ஒன்று மட்டும் மாறவில்லை. ரிஜாய்ண்டர் எப்போதும் எதிர்த்தரப்பின் பேச்சு, இதழின் பேச்சு அல்ல.

தமிழில் இதற்கு நேர்ச்சொல் மறுப்பு. எழுத்தாக வந்தால் மறுப்புரை. 1942ல் தினத்தந்தி தொடங்கிய ஊர் மதுரை. இங்கே நாளிதழ் மேசையில் ‘மறுப்பு வந்திருக்கு, போட்டிருங்க’ என்றால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ‘மறு’வுக்கு மூன்று பொருள் உண்டு. பெயராக நின்றால் கறை: நிலவில் மறு உண்டு, இவள் முகத்தில் உண்டா என்று குறள் 1117 கேட்கிறது. அடையாக வந்தால் அடுத்தது, இன்னொன்று: மறுநாள், மறுமொழி. வினையாக வந்தால் ஏற்க மறுப்பது. மறுப்புக் கடிதம் வரும்போது மாணவ நிருபர் காதில் முதல் பொருள் மட்டும் விழுகிறது, தன் செய்தியில் கறை பட்டுவிட்டது என்று. நன்னூல் அப்படிப் பார்க்கவில்லை. ஏழு வகை மதங்களை, அதாவது நூலாசிரியர் எடுக்கும் நிலைப்பாடுகளைச் சொல்லும்போது முதலில் உடன்படல், அடுத்து மறுத்தல் என்று வைக்கிறது. இரண்டும் ஒரே பந்தியில் உட்காருகின்றன.

‘கண்டனம்’ பொருந்தாதா என்று கேட்கலாம். 19ஆம் நூற்றாண்டுச் சமய விவாதங்களில் கண்டனம் என்றால் மறுத்து எழுதும் நூல்தான். இன்று அது ஊர்வலம், கோஷம், ஆர்ப்பாட்டத்தோடு ஒட்டிக்கொண்டது. பேருந்து வழித்தடம் பற்றிய செய்திக்கு வந்த மறுப்பைக் ‘கண்டனம்’ என்று போட்டால் வாசகர் சண்டை என்றே படிப்பார்.

மறுப்புக்குப் பக்கத்தில் இன்னும் மூன்று சொற்கள் இருக்கின்றன. திருத்தம் என்றால் தவறு நம்முடையது, நாமே சொல்கிறோம். விளக்கம் என்றால் சொன்னது தவறில்லை, விட்டுப்போனது இருக்கிறது. திரும்பப் பெறுதல் என்றால் செய்தியின் அடிப்படையே நிற்கவில்லை. இந்திய பத்திரிகை கவுன்சிலின் நடத்தை நெறிகள், பாதிக்கப்பட்டவர் அனுப்பும் மறுப்பு, பதில், விளக்கம், ரிஜாய்ண்டர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்கின்றன. கட்டணம் வாங்காமல், தாமதமில்லாமல், தக்க இடத்தில் வெளியிட வேண்டும். முழுதாகவும் போடலாம், சுருக்கியும் போடலாம். மறுப்பின் உண்மையில் ஆசிரியருக்குச் சந்தேகம் இருந்தால் கடைசியில் தனியாகச் சிறு குறிப்பு சேர்க்கலாம், கையில் அசைக்க முடியாத ஆவணமோ சான்றோ இருந்தால் மட்டும். மாணவர் இதழ்கள் அதிகம் மீறுவது இந்தக் கடைசி நிபந்தனையைத்தான். ‘நமது நிருபர் தன் செய்தியில் உறுதியாக இருக்கிறார்’ என்று அடியில் ஒரு வரி போடுகிறார்கள். உறுதியாக இருப்பது சான்று ஆகாது.

கடிதம் வந்ததும் முதல் வேலை தேதி போட்டுப் பதிவேட்டில் ஏற்றுவது. இரண்டாவது, எந்த வரி தவறு என்று கடிதம் எழுதியவரிடமே கேட்பது. ‘மொத்தச் செய்தியும் பொய்’ என்று வந்த கடிதம், கேட்டபின் பெரும்பாலும் ஒன்றிரண்டு வரிக்குச் சுருங்கும். அந்த வரிகளை நிருபரின் குறிப்பேட்டோடும் ஒலிப்பதிவோடும் வேறொருவர் ஒப்பிட வேண்டும். செய்தி எழுதியவரே சரிபார்த்தால் தன் கையெழுத்தைத் தானே தப்பில்லாமல் படித்துக்கொள்வார்.

குறையை வகைப்படுத்த நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் மூன்று கைகொடுக்கும். எங்கள் தரப்பைக் கேட்கவே இல்லை என்றால் குன்றக் கூறல். நாற்பது பேர் நின்றதை நூற்றுக்கணக்கானோர் என்று எழுதியிருந்தால் மிகைபடக் கூறல். தலைப்பு ஒன்றும் உள்ளே வேறொன்றும் சொன்னால் மாறுகொளக் கூறல். முதலாவதற்குப் பெரும்பாலும் மறுப்புரையோ விளக்கமோ போதும். மற்ற இரண்டும் சரிபார்ப்பில் உறுதியானால் திருத்தம்தான், மறுப்பு என்ற பெயரில் ஒளிய இடமில்லை.

ஒரு திருத்தத்தைக் கிட்டத்தில் பார்ப்போம். விடுதி உணவுக் கட்டணம் தவறாக வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம்.

‘சென்ற இதழில் வெளியான கட்டணச் செய்தியில் சிறு பிழை நேர்ந்துவிட்டது.’

எந்தப் பக்கம், எந்தத் தொகை, எது சரி, மூன்றும் இல்லை. ‘நேர்ந்துவிட்டது’ என்பதில் ஆளே இல்லை, மழை பெய்த மாதிரி பிழை தானாகப் பெய்திருக்கிறது. ‘சிறு’ என்று அளப்பதும் பிழை செய்தவர் வேலை அல்ல. இப்படி இருக்கலாம்:

‘ஆகஸ்ட் இதழ், பக்கம் 2: விடுதி உணவுக் கட்டணம் மாதம் ரூ.3,600 என்று எழுதியிருந்தோம். சரியான தொகை ரூ.3,200. வருந்துகிறோம்.’

எண்ணில் பிழை என்றால் தவறான எண்ணையும் திரும்பச் சொல்லலாம், பழையதைப் படித்தவருக்கு அதுதான் அடையாளம். ஒருவர் மீதான குற்றச்சாட்டில் பிழை என்றால் அதை மறுபடி விரித்து எழுதக் கூடாது. திருத்தமே இரண்டாம் முறை அவதூறாகிவிடும். அட்டையில் ‘தனிச்சுற்றுக்கு மட்டும்’ என்று போட்டிருப்பதும் காப்பாற்றாது. அவதூறு பற்றிய பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவுக்குச் சுற்று பெரிதா சிறிதா என்ற கணக்கில்லை, சொன்னது இன்னொருவரிடம் போய்ச் சேர்ந்தாலே போதும்.

அதிகம் வரும் பிழை ஊழலோ கட்டணமோ அல்ல, பெயர். மதுரைப் பக்கத்துப் பேச்சில் ழ பலருக்கு ள ஆகிவிடும். போனில் கேட்டு எழுதினால் மலர்விழி மலர்விளி ஆகிறாள், தலைப்பெழுத்தும் இடம் மாறுகிறது. வருகைப் பதிவேட்டைப் பார்த்து எழுதினால் திருத்தக் கட்டம் பாதி காலியாகிவிடும்.

கல்லூரி இதழின் தனிச் சிக்கல் ஒன்று: குறை சொல்பவரே வெளியீட்டாளராகவும் இருப்பார். முதல்வர் அறையிலிருந்து வருவது மறுப்பா, உத்தரவா என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். ‘இது தவறு, சரியான தகவல் இது’ என்றால் மறுப்பு. மற்றவர்கள் மறுப்பைப் போலவே அதற்கும் 150, 200 சொல் அளவு, அதே பக்கம், கையெழுத்திட்டவர் பதவி. ‘அதை எடுத்துவிடு’ என்று மட்டும் இருந்தால் அது மறுப்பே அல்ல, அதை மறுப்புரைக் கட்டத்தில் வைக்க வேண்டியதில்லை. ஆலோசகப் பேராசிரியரை உடன் வைத்துக்கொண்டு, எந்த வரி தவறு என்று அங்கேயும் கேட்கலாம்.

வாட்ஸ்அப்பில் போன பிடிஎஃப்பைச் சத்தமில்லாமல் மாற்றி அனுப்புவது திரும்பப் பெறுதல் ஆகாது. பழைய கோப்பு முந்நூறு போனில் அப்படியே கிடக்கும். புதியதன் பெயரிலேயே ‘திருத்தியது’ என்றும் தேதியும் சேர்த்து, என்ன மாறியது என்று முதல் பக்கத்தில் ஒரு வரி போட்டு, பழையது போன அதே குழுக்களுக்கு அனுப்ப வேண்டும். துறை வாசலில் தொங்கும் கையெழுத்து இதழில் வேலை இன்னும் எளிது. தவறான வரியின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டாமல், அதன் நடுவே ஒரு கோடு மட்டும் போட்டு, பக்கத்தில் சிறு துண்டுத்தாளில் சரியானதை எழுதித் தேதியோடு குத்திவிடலாம்.