அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்பே கூப்பிடுங்கள்

பழைய குடியிருப்பு இருந்திருக்கலாம் என்று கருதப்படும் இடத்தில் வீடு கட்டினால், மண் வேலை நடக்கும்போது தொல்லியலாளர் ஒருவர் உடனிருந்து பார்க்க வேண்டும் என்பது பல நாடுகளில் கட்டட அனுமதிக்கான நிபந்தனை. அப்படி உடனிருந்து பார்ப்பதுதான் என் வேலை. "ஏதாவது கிடைத்தால் வீடு கட்ட விடமாட்டீர்களா?" என்று வீட்டுக்காரர்கள் பயப்படுவார்கள். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. அளந்து, வரைந்து, படம் எடுத்துக்கொண்டு வழிவிட்டுவிடுவோம். மனித எலும்போ என்று சந்தேகம் வந்தால் கதை வேறு. பழையதா புதியதா என்று தெரியும்வரை அது காவல்துறை விஷயமும்கூட.

முக்கால்வாசி நேரம் நான் பார்த்துக்கொண்டிருப்பது மண்ணின் நிறத்தைத்தான். எப்போதோ நட்ட மரத்தூண் மக்கிப்போனாலும், அது நின்ற குழியில் நிரம்பிய மண் வட்டமாகக் கருத்துத் தெரியும். அப்படி நாலைந்து வட்டங்கள் ஒரே வரிசையில் வந்தால் அங்கே ஒரு சுவர் இருந்திருக்கலாம். மண் அள்ளும் இயந்திரத்தின் பல் வைத்த பக்கெட் இதற்கு எமன். பல் இல்லாத அகலமான பக்கெட்டை மாட்டி, சீவிய தரையில் வண்டி ஏறாதபடி பின்வாங்கிக்கொண்டே, தடவைக்குப் பத்து சென்டிமீட்டருக்கு மேல் போகாமல் மண்ணை எடுக்க வேண்டும். நல்ல ஆபரேட்டர் அமைந்தால் என் வேலை பாதி முடிந்த மாதிரி. வெயிலில் மண் காய்ந்துவிட்டால் நிற வேறுபாடு மங்கிவிடும். தண்ணீர் தெளித்தால் கொஞ்சம் திரும்பத் தெரியும், அவ்வளவுதான். அதனால்தான் தோண்டி முடித்துவிட்டு "நாளைக்கு வந்து பாருங்கள்" என்றால் எங்களுக்கு உதறல் எடுக்கிறது.

பானை ஓடு தென்பட்டால் ஆசையாக எடுத்துக் கழுவிவிடாதீர்கள். உட்புறம் ஒட்டியிருக்கும் கருகலில் என்ன சமைத்தார்கள் என்பதற்கான தடயம் இருக்கலாம். எந்த அடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்று தெரியாவிட்டால் ஓட்டின் மதிப்பில் பெரும்பகுதி போய்விடும். கரித்துண்டையும் வெறும் கையால் தொட வேண்டாம். கரியில் மிஞ்சியிருக்கும் கதிரியக்கக் கார்பனை அளக்கும் கார்பன் 14 முறையில் சுமார் 50,000 ஆண்டுகள் வரை காலம் கணிக்கலாம். ஆனால் நெடுங்காலம் வளர்ந்த மரத்தின் உள்வைரக் (முதலில் வளர்ந்த நடுப்பகுதி) கரி, தீ மூட்டிய காலத்தைவிடப் பழைய கணக்கைக் காட்டிவிடும். அதனால் குறுகிய காலமே வளர்ந்த, கருகிய தானியமோ சுள்ளியோ கிடைத்தால் எங்களுக்குக் கொண்டாட்டம்!

மனிதர் கை படாத கன்னி மண் வரை போயும் ஒன்றும் இல்லையென்றால் அதையும் எழுதி வைப்போம். பக்கத்து மனையில் தோண்டும்போது அந்தக் குறிப்பு உதவும்.

சரி, செலவு யாருடையது? ஐரோப்பாவில், 1992இல் மால்டாவின் தலைநகர் வாலெட்டாவில் கையெழுத்தான தொல்லியல் பாதுகாப்பு உடன்படிக்கைக்குப் பிறகு, கட்டுகிறவரே ஏற்பது பரவலானது. சிறு வீடு கட்டுபவருக்கு அது சுமைதான், மறுக்கவில்லை. ஆனாலும் நடுவில் வேலை நின்றுபோய், ஆள்கூலியும் இயந்திர வாடகையும் வீணாவதைவிட முன்கூட்டியே திட்டமிடுவது மலிவு என்பேன்.

அப்புறம், அஸ்திவாரத்துக்கு மட்டும் எங்களைக் கூப்பிட்டுவிட்டு, செப்டிக் டேங்க், தண்ணீர்க் குழாய், மின்கம்பி எல்லாவற்றுக்கும் தனியாகத் தோண்டிவிடுகிறார்கள். டேங்க் குழி பல நேரம் அஸ்திவாரத்தைவிட ஆழமாகப் போகும். அந்தத் தேதிகளையும் சேர்த்தே எங்களுக்குச் சொல்லிவிடுங்கள்.