கார்திரள் முகில்: சொல் விளக்கம்

இடி, மின்னல், ஆலங்கட்டி மூன்றையும் கொண்டுவரும் முகிலை வானிலையாளர்கள் கியூமுலோநிம்பஸ் என்கிறார்கள். இதற்குக் கார்திரள் முகில் என்பதே சரியான தமிழ். கருமேகம் என்று எழுதினால் போதாது.

இலத்தீனில் கியூமுலஸ் என்றால் குவியல், நிம்பஸ் என்றால் மழைமேகம். 1802-இல் லண்டனைச் சேர்ந்த லூக் ஹோவர்டு, ஓர் அறிவியல் கழகக் கூட்டத்தில் முகில்களை வகைப்படுத்திப் பேசினார். தொழிலால் அவர் மருந்தாளர். மயிர்ச்சுருள் போன்றது சிர்ரஸ், அடுக்காகப் படர்வது ஸ்ட்ராட்டஸ், குவிவது கியூமுலஸ், மழை தருவது நிம்பஸ். அதே ஆண்டில் பிரெஞ்சு இயற்கையியலாளர் லாமார்க் தம் மொழியில் வேறு பெயர்கள் சொன்னார், அவை நிலைக்கவில்லை. ஹோவர்டின் பெயர்களை இணைத்துப் பிறந்த கூட்டுப்பெயர்களோடு இன்று பத்து முதன்மை வகைகள் உண்டு. பன்னாட்டு முகில் படத்தொகுப்பு முதலில் வெளிவந்தது 1896-இல்.

ஹோவர்டின் நான்கு பெயர்களும் தமிழில் முறையே கீற்று, படை, திரள், கார் என்று அமைந்தன. படை என்றதும் சேனை நினைவுக்கு வரலாம். இங்கே அதற்கு அடுக்கு என்றே பொருள். கார் என்பதோ அருமையான தேர்வு. கருமை, மழை, மழைக்காலம் எல்லாம் அந்த ஈரெழுத்துச் சொல்லுக்குள் இருக்கின்றன. இன்னோர் இடத்தில் தமிழ், மூலப் பெயரையே திருத்துகிறது. சில முகில் பெயர்களின் முன்னே வரும் ஆல்ட்டோ என்பதன் வேர் 'உயர்ந்த' என்று பொருள்படும். ஆனால் அம்முகில்கள் நடு உயரத்தில் இருப்பவை. நம் பாடநூல்கள் 'இடைப்பட்ட' என்கின்றன.

சரி, திரள் எப்படிக் கார்திரள் ஆகிறது? கடலிலும் நிலத்திலும் ஆவியான நீர், வெப்பக் காற்றோடு மேலேறிக் குளிர்ந்து துளிகளாகிறது. அப்போது வெளிப்படும் வெப்பம் காற்றை இன்னும் மேலே தள்ளுகிறது. அடிப்பகுதி பெரும்பாலும் 2 கிலோமீட்டருக்குள் இருக்க, உச்சி 12 கிலோமீட்டரையும் தாண்டலாம். அடிவளி எனும் வளிமண்டலக் கீழடுக்கின் எல்லையை முட்டியதும் மேலே ஏற வழியின்றி, கொல்லர் பட்டடை போலத் தட்டையாக விரிகிறது. நீரைக் கொண்டிருப்பதால் முகிலுக்குக் கொண்டல் என்றும் பெயர்; 'கொள்' என்பதே அதன் வேர்.

அப்புறம், கருமேகம் ஏன் போதாது? கார்படை முகிலும் (நிம்போஸ்ட்ராட்டஸ்) கருத்ததுதான். ஆனால் அது இடியில்லாமல் மணிக்கணக்கில் சீராகப் பெய்யும்; கார்திரள் சட்டென்று கொட்டித் தீர்க்கும்.