பட்டை உரிக்கும் மரத்துக்குச் சீக்கா?

குலசேகரத்திலிருந்து ஒரு வாசகர் படம் அனுப்பியிருந்தார். லண்டனில் நர்ஸாக இருக்கும் மகள் பெர்க்லி சதுக்கத்தில் எடுத்தது. நாலு பக்கமும் கட்டடங்கள், நடுவில் தோட்டம், அதில் 1789இல் நட்ட பிரம்மாண்டமான பிளேன் மரங்கள். அடிமரமெல்லாம் பட்டை திட்டுத்திட்டாக உரிந்திருக்கிறது. "மரத்துக்குச் சீக்கா? எங்க கொய்யாவும் இப்படித்தான் உரியுது. வீட்டுக்கு ஆகாது, வெட்டிருன்னு சொல்றாங்க" என்று கேட்கிறார்.

வெட்ட வேண்டாம். இரண்டு மரமும் நன்றாகவே இருக்கின்றன.

பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே கேம்பியம் என்ற மெல்லிய உயிரடுக்கு உண்டு. உள்ளே கட்டையையும் வெளியே பட்டையையும் உண்டாக்குவது அதுதான். ரப்பர் பால் வெட்டுகிறவர்களுக்கு இது கைப்பழக்கத்திலேயே தெரியும். கத்தி கட்டையில் பட்டுவிட்டால் அந்த இடத்தில் பட்டை ஒழுங்காக வளராது. தென்னைக்கும் பனைக்கும் இந்த அடுக்கே கிடையாது.

கட்டை பருக்கப் பருக்கச் சுற்றளவு கூடும். வெளிப்பட்டையோ செத்த செல்களால் ஆனது, கூடவே வளராது. வேம்பும் புளியும் வெடித்து, அந்த வெடிப்புகளோடேயே நிற்கின்றன. பிளேன் மரத்தின் வழி வேறு. எனக்கு அதைவிட அழகாக எதுவும் தோன்றவில்லை. பட்டைக்குள்ளேயே, கிளிஞ்சல் போல வளைந்த புதிய தக்கை அடுக்குகளை அது அங்கங்கே போடுகிறது. தக்கையில் சூபரின் என்ற மெழுகுத்தன்மையுள்ள பொருள் இருப்பதால் தண்ணீர் அதைத் தாண்டாது. வெளியே மாட்டிக்கொண்ட திட்டுக்கு நீரும் உணவும் நின்றுபோகும். அது காய்ந்து, சுருங்கி, ஓரம் தூக்கி, ஒருநாள் தானே விழும். விழுந்த இடம் வெளிர் மஞ்சள், நாள்பட்டால் சாம்பல். ஒவ்வொரு திட்டும் ஒவ்வொரு சமயத்தில் விழுவதால்தான் அத்தனை நிறங்கள். உங்கள் கொய்யாவின் புதுப் பட்டையை நகத்தால் கீறினால் பச்சை தெரியும். பச்சையம்தான் அது!

லண்டனின் நிலக்கரிப் புகையை உதறத்தான் பிளேன் மரம் பட்டை உரிக்கிறது என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. கரி படிந்த பட்டை போனால் மூச்சுத்துளைகள் அடைபடாமல் இருக்கும், சரி. ஆனால் இது கலப்பின மரம். தென்கிழக்கு ஐரோப்பா, மேற்கு ஆசியாவைச் சேர்ந்த ஒரு இனமும் வட அமெரிக்க இனம் ஒன்றும் சேர்ந்து வந்தது. அந்த இரண்டுமே பட்டை உரிப்பவைதான். நம் ஆற்றங்கரை நீர்மருதும் உரிக்கிறதே, அங்கே ஏது நிலக்கரிப் புகை?

அந்தச் சதுக்கத்து மரம் ஒன்றுக்கு 2008இல் 7,50,000 பவுண்டு மதிப்புப் போட்டார்கள். நட்ட ஆண்டு தெரிந்திருப்பதை அதைவிடப் பெரிய செல்வமாக நான் நினைக்கிறேன். நம் சாலையோர மரங்களையும் ஆண்டுதோறும் அளந்து எழுதிவைக்க வேண்டும். இதற்கு அளவுநாடாவும் ஆர்வமுள்ள பள்ளிப் பிள்ளைகளும் போதும்.

நீங்கள் கொய்யாவிலேயே தொடங்கலாம். தரையிலிருந்து ஒரு முழம் மேலே, அடிமரத்தைச் சுற்றி ஒரு நூலைச் சரியாக வெட்டி, தேதி எழுதி எடுத்துவையுங்கள். அடுத்த ஆண்டு அதே இடத்தில் சுற்றினால் நூலின் இரண்டு முனையும் தொடாது. அந்த இடைவெளிக்காகத்தான் பட்டை விழுந்தது.