வெங்காயத் தோலில் பசுங்கணிகம் இல்லை

செய்முறைத் தேர்வுக்குப் புறத்தேர்வாளராகச் செல்லும் உயிரியல் ஆசிரியர்கள், மாணவர்களின் ரெக்கார்டு நோட்டுகளைப் புரட்டும்போது ஒரு படத்தை அடிக்கடி காண்பார்கள். வெங்காயத் தோல் செல்களின் படம் அது. செங்கல் அடுக்கியதுபோல ஒழுங்கான கட்டங்கள், ஒவ்வொரு கட்டத்தின் நட்டநடுவிலும் ஒரு நியூக்ளியஸ், அதைச் சுற்றிப் பச்சைப் பென்சிலால் அழகாகத் தீட்டிய பசுங்கணிகங்கள் (ஒளிச்சேர்க்கை நடக்கும் பச்சை நுண்ணுறுப்புகள்). நாம் உரிக்கும் வெங்காயத்தின் சதைப்பற்றான அடுக்குகள் மண்ணுக்குள் இருந்தபடி உணவைச் சேமித்துவைக்கும் இலைப்பகுதிகள் என்பதால் அவற்றின் தோலில் பசுங்கணிகங்கள் இருப்பதில்லை. நியூக்ளியஸும் பெரும்பாலும் நடுவில் இருக்காது. செல்லின் பெரும்பகுதியை நிறைத்திருக்கும் வாக்குவோல் என்னும் சாறு நிறைந்த பை அதைச் சுவரோரமாகத் தள்ளியிருக்கும். எனவே அந்தப் படத்தை வரைந்த மாணவர் நுண்ணோக்கியைப் பார்த்து வரையவில்லை, பாடநூலில் உள்ள பொதுவான தாவர செல்லின் படத்தைப் பார்த்து வரைந்திருக்கிறார் என்பது தெளிவு. ஆயினும் அதற்கு முழு மதிப்பெண் கிடைத்துவிடுகிறது.

தமிழ்நாட்டின் மாநிலப் பாடத்திட்டத்தில், பத்தாம் வகுப்பு அறிவியல் பாடத்தில் 100-க்கு 25 மதிப்பெண்கள் செய்முறைக்கு உரியவை. அவை எளிதில் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையே செய்முறை வகுப்பைப் பல பள்ளிகளில் தேர்வுக்கு முந்தைய சில வாரங்களுக்குள் சுருக்கிவிட்டது. ஆசிரியர் ஒரு ஸ்லைடைப் பொருத்திவைக்க, மாணவர்கள் வரிசையில் வந்து ஆளுக்குச் சில விநாடிகள் குனிந்து பார்த்துவிட்டு நகர்கிறார்கள்; மறுநாள் முந்தைய ஆண்டு மாணவரின் நோட்டிலிருந்து படம் பெயர்க்கப்படுகிறது. 1665-இல் ராபர்ட் ஹூக் தக்கையைச் சீவிப் பார்த்தபோது வெறும் அறைகளே தெரிந்தன; அவர் அவற்றை மட்டுமே வரைந்தார். நியூக்ளியஸுக்கு ராபர்ட் பிரவுன் பெயரிடுவதற்கு 1831 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கண்ணில் படாததை வரையாமல் விடுவதுதான் உயிரியலில் முதற்பாடம் என்று நான் கருதுகிறேன்.

வெங்காயத் தோல் சோதனையை மாணவர் தம் கையால் செய்யும்போது நடப்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஓர் அடுக்கை ஒடித்து, உட்புறமுள்ள மெல்லிய தோலை விரல்நகத்தாலோ இடுக்கியாலோ உரித்து, உலரவிடாமல் உடனே நீர்த்துளியில் விரிக்க வேண்டும். மேலே மூடும் கவர் ஸ்லிப் என்னும் மெல்லிய கண்ணாடிச் சில்லைச் சாய்வாகப் பிடித்து மெதுவாக இறக்காமல் மேலிருந்து பொத்தென்று போட்டால் காற்றுக் குமிழிகள் சிக்கிக்கொள்ளும். முதன்முறை பார்க்கும் மாணவர்களில் பலர், கறுத்துத் தடித்த விளிம்புடன் தெரியும் அந்த வட்டக் குமிழியையே செல் என்று உற்சாகத்தோடு காட்டுவார்கள். அந்த நேரத்தில் ஆசிரியர் ‘அது குமிழி’ என்று சொல்லிவிட்டு நகர்ந்தால் வகுப்பு அத்துடன் முடிந்துவிடும். கவர் ஸ்லிப்பை லேசாக அழுத்திப் பார்க்கச் சொன்னால், குமிழி நகர்வதையும் செல்கள் தம் இடத்திலேயே நிற்பதையும் மாணவரே கண்டு முடிவுக்கு வருவார்.

அதே வெங்காயம் இன்னொரு சோதனைக்கும் உதவும். செந்நிறப் பெரிய வெங்காயத்தில் அடுக்கின் வெளிப்புறத் தோலை உரித்தால், செல்களுக்குள் ஊதா நிறச் சாறு நிறைந்திருப்பது சாயமேற்றாமலேயே தெரியும். கவர் ஸ்லிப்பின் ஓர் ஓரத்தில் அடர்த்தியான உப்புநீரை ஒரு சொட்டு விட்டு, எதிர் ஓரத்தில் உறிஞ்சுதாளை வைத்து இழுத்தால், சில நிமிடங்களில் அந்த ஊதாப் பகுதி செல் சுவரைவிட்டு விலகிச் சுருங்குவதைக் காணலாம். தாமதிக்காமல் நல்ல தண்ணீரை அதேபோல் செலுத்தினால் பெரும்பாலான செல்கள் மீண்டும் விரியும். சில விரியாமலே போகும். ஏன் சில மட்டும் மீளவில்லை என்ற கேள்வி மாணவர்களிடமிருந்து தானாகவே எழும். செறிவு மிகுந்த கரைசலை நோக்கிச் சவ்வின் வழியே நீர் நகரும் இந்தச் சவ்வூடு பரவலைக் கரும்பலகையில் எத்தனை முறை விளக்கினாலும் அந்தக் கேள்வி எழுந்து நான் பார்த்ததில்லை. மாங்காயை உப்பில் போட்டால் ஏன் தண்ணீர் விடுகிறது என்பதற்கும் அங்கேயே விடை கிடைக்கும்.

ஆய்வகமே இல்லை என்று கூறும் பள்ளிகளுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இட்லி மாவைத்தான். காலையில் அரைத்த மாவை ஒரே அளவுள்ள கண்ணாடி டம்ளர்களில் பாதியளவு ஊற்றி, வெளியே ஒரு காகிதப் பட்டையில் கோடிட்டு, மணிக்கொரு முறை உயரத்தைக் குறிக்கச் சொல்லலாம். ஒன்றை அறையிலும் மற்றொன்றைக் குளிர்சாதனப் பெட்டியிலும் வைக்க வேண்டும். இன்னும் இரண்டில் அரிசி மாவை மட்டும், உளுந்து மாவை மட்டும் தனித்தனியே ஊற்ற வேண்டும். லியூகோனாஸ்டாக் மெசென்டிராய்டிஸ் உள்ளிட்ட லாக்டிக் அமில பாக்டீரியங்கள் கார்பன் டை ஆக்சைடை வெளியிட்டு மாவைப் பொங்கவைக்கின்றன. உளுந்தின் வழவழப்பு அந்த வாயுவைப் பிடித்துவைப்பதால்தான் மாவு உயர்கிறது. அரிசி மாவில் அந்தப் பிடிப்பு இல்லை. பி.எச். தாள் கிடைத்தால் அமிலத்தன்மை ஏறுவதையும் கூடவே குறித்துக்கொள்ளலாம். கொடைக்கானலில் உள்ள பள்ளியின் வரைபடமும் மதுரையில் உள்ள பள்ளியின் வரைபடமும் ஒன்றுபோல் இருக்கப்போவதில்லை, இருக்கவும் கூடாது.

அம்மாவின் கை பட்டுக் கரைத்தால்தான் மாவு பொங்கும் என்பது வீடுகளில் உறுதியாக நம்பப்படும் செய்தி. நொதிக்கவைக்கும் நுண்ணுயிரிகள் முதன்மையாகத் தானியத்துடனேயே வருகின்றன. இதை ஆசிரியர் சொல்லி மறுக்க வேண்டியதில்லை. ஒரு டம்ளரில் கையால் கலந்த மாவும் மற்றொன்றில் கொதிநீரில் கழுவிய கரண்டியால் கலந்த மாவும் இருக்கட்டும். வீட்டில் அன்று மாலை நடக்கும் விவாதம் எந்த வகுப்பறை விவாதத்தையும்விடச் சூடாக இருக்கும்.

நுண்ணோக்கி இல்லாத பள்ளிகளுக்கு இன்னொரு வழியும் உண்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷ் குழுவினர் உருவாக்கிய ஃபோல்டுஸ்கோப் என்னும் மடிப்புக் காகித நுண்ணோக்கி ஏறத்தாழ 140 மடங்கு பெரிதாக்கிக் காட்டும். கைபேசிக் கேமராவுடன் பொருத்திப் படமும் எடுக்கலாம். குளத்துநீரில் நீந்தும் பாரமீசியம் என்னும் ஒருசெல் உயிரியைப் பார்க்க அது போதும். விலை உயர்ந்த நுண்ணோக்கியை வாங்கி, உடைந்துவிடுமே என்று பீரோவில் பூட்டிவைக்கும் பள்ளிக்கு அதைவிட இதுவே பயனுள்ளது என்பது என் கருத்து.

இனி எச்சரிக்கைகள். கையால் செய்யும் சோதனைகளை ஊக்குவிப்பவர்கள் இப்பகுதியைப் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துவிடுவதால் நான் சற்று நின்று சொல்கிறேன். முதலாவது, இரத்த வகை கண்டறிதல். ஒரே ஊசிமுனையை ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு அடுத்த மாணவருக்குப் பயன்படுத்தும் வழக்கம் எங்கேனும் மிச்சமிருந்தால் அது உடனே நிறுத்தப்பட வேண்டும். ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, எச்.ஐ.வி. ஆகியவை பரவ அந்த ஊசியில் ஒட்டிய ஒரு துளி இரத்தம் போதும், ஸ்பிரிட்டில் துடைப்பது பாதுகாப்பாகாது. பெற்றோரின் எழுத்து இசைவைப் பெற்று, ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஆய்வக நுட்புநரைக் கொண்டு, ஒருவருக்கு ஒரு லான்செட் (விரலில் குத்தும் சிறு ஊசி) என்ற முறையில் செய்வதே சரி. பயன்படுத்தியவற்றை 2016-ஆம் ஆண்டின் உயிரிமருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் கூறும் துளைக்கவியலாத வெண்ணிறக் கலனில் சேர்த்து ஒப்படைக்க வேண்டும். முடிவைக் கரும்பலகையில் எழுதக் கூடாது. பெற்றோரில் ஒருவர் ‘ஓ’ வகையினராக இருக்கும்போது பிள்ளைக்கு ‘ஏபி’ வகை பொதுவாக வராது என்பதை அதே பாடத்தில்தான் நாம் கற்பிக்கிறோம். தத்தெடுக்கப்பட்ட பிள்ளை அந்த வகுப்பில் அமர்ந்திருக்கலாம்.

அடுத்தது, கையிலுள்ள கிருமிகளை அகார் தட்டில் (கிருமிகள் வளர்வதற்கான கூழ் ஊற்றிய தட்டு) வளர்த்துக் காட்டுவது. இணையக் காணொளிகளால் இது பரவிவிட்டது. கண்ணுக்குத் தெரியாமல் சிதறிக்கிடந்த நோய்க்கிருமியைக் கோடிக்கணக்கில் பெருக்கி மாணவர் கையில் கொடுக்கும் செயல் இது. தட்டை மூடி ஒட்டி, திறக்காமலே பார்த்து, முறையாக அழிக்கும் வசதி இல்லாத பள்ளிகள் இதைத் தவிர்ப்பதே நல்லது. தயிரைத் தண்ணீரில் கரைத்து மெல்லிய பூச்சாக்கி மெத்திலீன் நீலத்தால் சாயமேற்றினால், நல்ல நுண்ணோக்கியின் உயர் பெருக்கத்தில் பாக்டீரியங்கள் தெரியும். ரொட்டியில் பூஞ்சை வளர்ப்பதாக இருந்தால் மூடிய பைக்குள்ளேயே வளரட்டும். மூச்சிரைப்பு உள்ள பிள்ளைகள் அதைத் திறந்து முகர நேரக் கூடாது.

இலையில் ஸ்டார்ச் சோதனை செய்யும்போது, பச்சையத்தை நீக்கப் பயன்படும் ஆல்கஹாலை நேரடியாகச் சுடரில் சூடாக்குவதே ஆய்வகத் தீ விபத்துக்குப் போதுமான காரணம். கொதிநீர் இருக்கும் பீக்கருக்குள் ஆல்கஹால் உள்ள சோதனைக்குழாயை வைத்து, அதற்கு முன்பே அடுப்பை அணைத்துவிட வேண்டும். ஆமணக்கு விதையின் அமைப்பைப் பிளந்து காட்டும் பாடத்தில் அதில் ரிசின் என்னும் கொடிய நச்சு உண்டு என்பதை முதலிலேயே சொல்லி, எண்ணிக் கொடுத்து, எண்ணித் திரும்பப் பெற வேண்டும். கீழ்வகுப்புகளுக்கு அவரையும் மொச்சையும் போதும்.

கொசுவின் வாழ்க்கைச் சுழற்சியைக் காட்டுவது மாணவர்கள் மிகவும் விரும்பும் செயல்பாடு. முட்டையிலிருந்து கொசு வெளிவர நம் ஊர் வெப்பத்தில் சுமார் ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் ஆகும். நீர்ப்பரப்புக்கு இணையாகக் கிடப்பது அனாஃபிலஸ் புழு, தலைகீழாகச் சாய்ந்து தொங்குவது ஏடிஸ் அல்லது கியூலெக்ஸ் புழு என்பதை வெறுங்கண்ணாலேயே பிரித்தறியலாம். பாட்டில் வாயில் வலைத்துணியை இறுகக் கட்டுவதும், கூட்டுப்புழு கொசுவாகும் முன் நீரைக் காய்ந்த தரையில் கொட்டிவிடுவதும் கட்டாயம். (டெங்கு காலத்தில் கொசுப்புழு கண்டால் உள்ளாட்சிப் பணியாளர்கள் பள்ளிக்கும் அபராதம் விதிப்பதுண்டு, பாடத்துக்காக வளர்த்தோம் என்று அவர்களிடம் வாதாடுவது கடினம்.)

இவற்றுள் பல பருவத்தைச் சார்ந்தவை என்பதால் பிப்ரவரியில் ஒட்டுமொத்தமாகச் செய்து முடிக்க முடியாது. குளத்துநீர், மாஸ் (பாசிபோன்ற சிறு தாவரம்), கொசுப்புழு ஆகியவை வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்கு உரியவை. ஜனவரியில் 2015 முதல் நடைபெற்றுவரும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு இருக்கிறது. விடுமுறையில் இருக்கும் மாணவர், வீட்டு மாடியிலோ கண்மாய்க் கரையிலோ குறைந்தது 15 நிமிடங்கள் நின்று, பார்த்த பறவைகளின் பெயரையும் எண்ணிக்கையையும் குறித்து, பெரியவர் ஒருவரின் துணையுடன் இ-பேர்டு என்னும் பறவைப் பதிவுத் தளத்தில் பதிவேற்றலாம். உறுதியாகத் தெரியாத பறவையை ஊகித்து எழுதக் கூடாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பட்டியலில் காகமும் மைனாவும் மட்டுமே இருக்கின்றன என்று மாணவர் தயங்கினாலும் பதிவேற்றச் சொல்லுங்கள். அந்த இடத்தில் அன்று எத்தனை காகங்கள் இருந்தன என்பதும் கணக்கெடுப்புக்குத் தேவையான தரவுதான்.