முப்பது நாள் டோக்கன்: கொடுக்கும் முறையும் கெடுக்கும் முறையும்

குடியிலிருந்தும் தூளிலிருந்தும் (ஹெரோயின்) மீள்கிறவர்களின் குழுக்களில், பாவிக்காமல் கடந்த நாட்களுக்கு ஒரு டோக்கன் கொடுப்பார்கள். 1935இல் அமெரிக்காவின் அக்ரனில் தொடங்கிய, குடியை விட முயல்கிறவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) இயக்கம் இதை விதியாக வைத்ததில்லை. அந்தந்தக் குழுக்கள் தாமாகப் பிடித்துக்கொண்ட வழக்கம் இது. போதைப்பொருளிலிருந்து மீள்கிறவர்களுக்கான என்ஏ (நார்க்கோட்டிக்ஸ் அனானிமஸ்) குழுக்களில் சாவிக்கொத்தில் மாட்டும் பட்டி கொடுக்கிறார்கள்: புதிதாக வருபவருக்கு வெள்ளை, 30 நாளுக்குச் செம்மஞ்சள், 60க்குப் பச்சை, 90க்குச் சிவப்பு, ஆறு மாதத்துக்கு நீலம், ஒன்பதுக்கு மஞ்சள், வருடத்துக்கு இருட்டில் ஒளிர்வது. தொடக்கத்தில் இடைவெளி குறுகியிருப்பதற்குக் காரணம், மீண்டும் பாவிக்கத் தொடங்குபவர்களில் பெரும்பாலோர் முதல் மூன்று மாதத்துக்குள்தான் தொடங்குகிறார்கள் என்பது.

வெள்ளை டோக்கனுக்கு ஆசைப்பட்டு வீட்டிலேயே குடியைச் சட்டென்று நிறுத்த விடாதீர்கள். காலையில் ஒரு கிளாஸ் கசிப்பு (களவாக வடித்த சாராயம்) உள்ளே போனால்தான் கை நடுக்கம் நிற்கும் என்ற நிலையில் இருப்பவருக்கு, கடைசிக் குடிக்குப் பிறகு 6 முதல் 48 மணித்தியாலத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாள் வரை இல்லாதது கண்ணில் தெரியும், ஆள் புரியாமல் பேசுவார். இதில் உயிர் போகும். அப்படிப்பட்டவரை முதலில் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. டோக்கன் எல்லாம் அதற்குப் பிறகு.

நாணயமா பட்டியா என்று கேட்டால் எங்கள் தெரிவு ஓட்டை போட்ட பட்டி. வாழைச்சேனையில் தோணிக்குப் போகிறவர் சாரத்து மடிப்பில் நாணயத்தைச் செருகினால் வலை இழுக்கும்போது கடலுக்குள் போய்விடும். மோட்டார் சைக்கிள் சாவியோடு கிடக்கும் பட்டி, தவறணைப் பக்கம் வண்டியைத் திருப்பும் நேரத்தில் கையில் தட்டுப்படும். பட்டியில் நாள் எண்ணிக்கை மட்டும் போதும். கல்முனை, அக்கரைப்பற்று போன்ற இடங்களில் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே வட்டத்தில் இருப்பார்கள், ஆகவே சாமிப் படமோ பிரார்த்தனை வரியோ வேண்டாம். ‘மது’, ‘போதை’ என்ற சொற்களும் வேண்டாம். சாவியைக் கராஜில் கொடுத்துவிட்டுப் போகும் ஊர் இது.

கொடுக்கும்போது பட்டியை வட்டத்தில் எல்லோர் கைக்கும் ஒரு சுற்று அனுப்பி, கடைசியாக உரியவரிடம் சேர்ப்பது நல்லது. அவர் இரண்டு வசனம் பேசினால் போதும். பொன்னாடை, மேடை, பேஸ்புக் படம் எதுவும் கூடாது. ஊரறியப் பாராட்டு வாங்கியவர் சறுக்கினால் வெட்கத்தில் குழுப் பக்கமே திரும்ப மாட்டார். காசுப் பரிசும் சேர்க்காதீர்கள். நாள் கணக்கில் பொய் சொல்ல அது ஒன்றே போதும்.

சறுக்கினால் கணக்கு முதலாம் நாளிலிருந்து தொடங்கும். பழைய பட்டியைப் பறிக்கக் கூடாது என்பது எங்கள் நிலைப்பாடு. அறுபது நாள் இருந்தது உண்மைதானே? ‘எல்லாம் போச்சு, இனி என்ன’ என்ற எண்ணம்தான் ஒரு கிளாஸை ஒரு கிழமையாக நீட்டுகிறது. ஓரிரு நாளுக்குள் ஒருவர் நேரில் போய்ப் புதிய வெள்ளைப் பட்டியைக் கொடுக்க வேண்டும். பெரும்போக அறுவடைக் காசு கைக்கு வரும் நாட்களிலும் திருவிழா நாட்களிலும் அழைப்புக்குக் காத்திராமல் கூட்டத்தை வையுங்கள். போயாவுக்கு (பௌர்ணமி விடுமுறை) சாராயக்கடை பூட்டும், கசிப்புக்குப் போயா கிடையாது.

தூள் பாவித்தவர் என்றால் இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. சிவப்புப் பட்டி வாங்கியவரும், மறியற்சாலையிலிருந்தோ கந்தக்காடு புனர்வாழ்வு நிலையத்திலிருந்தோ திரும்பியவரும் பழைய அளவைத் தாங்கும் உடம்பைக் கொண்டிருக்கவில்லை. முன்பு எடுத்த அதே அளவு மூச்சை நிறுத்திவிடும். குறட்டை போன்ற மூச்சு, நீலம் பாரித்த உதடு, எழுப்பியும் எழும்பாமை கண்டால் ஒருக்களித்துப் படுக்கவைத்து 1990 அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள். திட்டுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வீட்டாருக்கு ஒரு விஷயம்: சண்டையில் அந்தப் பட்டியை இழுக்காதீர்கள். “இதைக் காட்டி யாரை ஏமாத்துறாய்?” என்று மனைவியோ தாயோ கேட்ட அன்று அது குப்பைக்குப் போகிறது. சந்தேகம் வந்தால் குழுவில் அவருக்குத் துணை நிற்பவரிடமோ உளவளத்துணையாளரிடமோ சொல்லுங்கள். 1927 என்ற இலக்கத்திலும் ஆலோசனை கேட்கலாம்.