ஆர்.வி. பார்க் பதிவு செய்யும் முன் கரண்ட் பெட்டியையும் ஆற்றையும் விசாரியுங்கள்

போன கோடையில் ஒரு சனிக்கிழமை மாலை எனக்கு அழைப்பு வந்தது. ஆர்.வி. என்கிற, உள்ளேயே சமைத்துத் தூங்கும் வீட்டு வண்டிகளை நிறுத்தித் தங்கும் பார்க்கில், வாடகைக்கு அப்படி ஒரு ட்ரெய்லர் எடுத்து விடுமுறைக்கு வந்திருந்த ஒரு தமிழ்க் குடும்பம். "அண்ணா, ஏசி ஓடவே மாட்டேங்குது. பொண்ணு வேற, கதவைத் தொட்டா கை சுரீர்னு இழுக்குதுங்கிறா" என்றார் அந்த அம்மா. ஏசியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். "வெளியே இருக்கிறவங்க வண்டியைத் தொடாதீங்க, உள்ளே இருக்கிறவங்க இறங்காதீங்க. ஆபீஸ்ல சொல்லி முதல்ல பிரேக்கரை அணைக்கச் சொல்லுங்கம்மா" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

அங்கே போய் எல்லோரையும் தள்ளி நிறுத்திவிட்டு, பிரேக்கரைப் போட்டு, தொடாமலே மின்சாரம் காட்டும் டெஸ்டரை நீட்டினேன். கதவின் கைப்பிடிக்கு இன்னும் ஒரு சாண் இருக்கும்போதே அது கீச்சிட்டுச் சிவப்பாக எரிந்தது. வண்டிக்குக் கரண்ட் கொடுக்க பார்க் வைத்திருக்கும் பெட்டியின் பிளக் துளையில் எர்த் இணைப்பு துருப்பிடித்துக் கழன்றிருந்தது. வண்டிக்குள் எங்கோ கசிந்த கரண்ட் இறங்க வழியில்லாமல் தகரம் முழுக்க நின்றிருக்கிறது. அந்தக் குழந்தை நீச்சல்குளத்திலிருந்து ஈரக்காலோடு, செருப்பில்லாமல் ஓடி வந்து கதவைத் தொட்டிருக்கிறாள். நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

ஏசி ஓடாததற்குக் காரணம் வேறு. மீட்டரில் 101 வோல்ட்தான் காட்டியது. இங்கே அமெரிக்காவில் இருக்க வேண்டியது 120. பார்க் நிறைந்த கோடை மாலையில் எல்லா வண்டியிலும் ஏசி ஓடும்போது, எப்போதோ போட்ட பழைய வயரிங் தாங்காது. வோல்டேஜ் 105க்குக் கீழே போனால் கம்ப்ரஸர் முக்கி முக்கிச் சூடேறும்; அப்படியே ஓடவிட்டால் எரிந்தே போகும். அன்று இரவு வேறு இடம் கேட்டு, மூன்று பெட்டிகளைச் சோதித்து, மூன்றாவதில்தான் அவர்கள் வண்டியை இணைத்தேன்.

அமெரிக்காவில் ஆர்.வி. பழுதுபார்க்கும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: பார்க்கின் படங்களில் நீச்சல்குளம் இருக்கும், மாலைச் சூரியன் இருக்கும், கரண்ட் பெட்டி இருக்காது. அதை நீங்கள்தான் போன் போட்டுக் கேட்க வேண்டும்.

முதலில் 30 ஆம்பா, 50 ஆம்பா என்று கேளுங்கள். மூன்று முள் பிளக் 30 ஆம்ப். 3,600 வாட் கிடைக்கும். ஒரு ஏசி ஓடும்போது மைக்ரோவேவையும் போட்டால் பிரேக்கர் விழுந்துவிடலாம். நான்கு முள் பிளக் 50 ஆம்ப் என்றாலும், அதில் இரண்டு லைன் வருவதால் 12,000 வாட், அதாவது மூன்று மடங்குக்கும் மேல். இரண்டு ஏசி உள்ள வண்டிக்கு இதுதான் வேண்டும். ஆனால் 50 ஆம்ப் பெட்டியில் நியூட்ரல் கழன்றால், 120 வோல்டுக்குச் செய்த சாமானுக்கு 240ஐ நெருங்கும் வோல்டேஜ் கூடப் பாயலாம். டிவி, ஃபிரிட்ஜ் எல்லாம் ஒரே நொடியில் போய்விடும்.

அடுத்து, "பெட்டிகளைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள், பார்க் நிறைந்திருக்கும்போது வோல்டேஜ் எவ்வளவு நிற்கிறது?" என்று கேளுங்கள். நன்றாக நடத்துகிறவர்கள் டக்கென்று பதில் சொல்வார்கள். மழுப்பினால் நான் வேறு பார்க் தேடுவேன். போய்ச் சேர்ந்ததும் துளைகளில் கருகல், உருகல் இருக்கிறதா பாருங்கள். எர்த், நியூட்ரல், வோல்டேஜ் மூன்றையும் சோதித்துத் தப்பிருந்தால் கரண்டை உள்ளே விடாத இ.எம்.எஸ். கருவி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண சர்ஜ் புரொடெக்டர் குறைந்த வோல்டேஜிலிருந்து காப்பாற்றாது.

மற்றவை எளிது. வண்டியின் நீளத்தைச் சரியாகச் சொல்லுங்கள். புதிதாக ஓட்டுகிறவர் என்றால் ரிவர்ஸ் எடுக்கத் தேவையில்லாத, நேராக நுழைந்து நேராக வெளியேறும் இடம் கேளுங்கள். தண்ணீர்க் குழாயில் பிரஷர் ரெகுலேட்டர் மாட்டுங்கள். தேசியப் பூங்காக்களில் எல்லாம் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்: யோசெமிட்டி முகாம்களில் கரண்ட், தண்ணீர், கழிவு இணைப்பு எதுவுமே கிடையாது.

ஆற்றோரத்து இடம்தான் எல்லோரும் ஆசைப்பட்டுக் கேட்பது. அங்கேதான் என் மனம் பதறுகிறது. 2025 ஜூலை 4 விடியற்காலையில் டெக்சாஸில் குவாடலூப் ஆறு பொங்கியபோது கரையோர ஆர்.வி. பார்க்குகளை வண்டிகளோடு அடித்துச் சென்றது; கெர் கவுண்டியில் மட்டும் 100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2010 ஜூன் 11 அன்று ஆர்கன்சாவின் ஆல்பர்ட் பைக் முகாமில் வெள்ளம் 20 பேரைக் கொண்டுபோனது. இரண்டுமே ஆட்கள் தூங்கும் நேரத்தில் வந்த வெள்ளம். ஓடுகிற தண்ணீர் இரண்டு அடி இருந்தாலே பெரும்பாலான வாகனங்களைத் தூக்கிவிடும்.

பார்க்கின் முகவரியை அமெரிக்க அரசின் பேரிடர் அமைப்பான ஃபீமாவின் வெள்ள வரைபடத்தில் போட்டுப் பாருங்கள், இலவசம்தான். இரவில் எச்சரிக்கை வந்தால் யார் கதவைத் தட்டுவார்கள், வெளியேறும் சாலை ஓடையைக் கடக்கிறதா என்று கேளுங்கள். போன் சிக்னல் இல்லாத இடமென்றால் வானிலை ரேடியோ ஒன்று கையில் இருக்கட்டும். போய்ச் சேர்ந்த முதல் மாலையே, வெளிச்சம் இருக்கும்போது, மேட்டுக்குப் போகும் வழியைப் பிள்ளைகளோடு ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள். வண்டியை அப்படியே விட்டுவிட்டு ஓட வேண்டிய வழி அது என்பதை அவர்களுக்கும் சொல்லி வையுங்கள்.